பெரிய கண்டன்சர் போட்டால் பிக்சல் வோல்ற்றேஜ் ஆடாமல் நிக்குமா?

யூன் 3, பிற்பகல். திருகோணமலை, கோணேசபுரி வளாகத்தில் இருந்து ஒரு மாணவர் கேட்டது:

அண்ணா, செயற்றிட்டத்துக்காக உயர் ரெசொலூசன் எல்சிடி பனல்களைப் பற்றி வாசிக்கிறேன். ஒரு பிரேம் முடிவதற்குள் பிக்சலின் வோல்ற்றேஜ் கசிந்து குறைவதால்தான் மினுக்கம் வருகிறது என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியென்றால் அந்த வோல்ற்றேஜைப் பிடித்து வைக்கும் சேமிப்புக் கொள்ளளவியை (கண்டன்சரை) பெரிதாக்கினால் காணும்தானே? ஏன் இத்தனை சுற்றுகள், இத்தனை காப்புரிமைகள்? தேவையில்லாமல் சிக்கலாக்குகிறார்களோ என்று தோன்றுகிறது.

யூன் 3, இரவு

பெரிசாக்க இடம் எங்க இருக்கு தம்பி?

55 அங்குல 4கே ரீவியை எடுங்கோ. ஒரு பிக்சல் கிட்டத்தட்ட 0.32 மில்லிமீற்றர். சிவப்பு, பச்சை, நீலம் எண்டு மூண்டாப் பிரிச்சால் ஒவ்வொரு துணைப்பிக்சலும் 106 மைக்ரோன் அகலம், 317 மைக்ரோன் உயரம். அங்குலத்துக்கு 500 பிக்சல் உள்ள போன் பனலில அதே துணைப்பிக்சல் 17க்கு 51. பெருக்கிப் பாருங்கோ, பரப்பு 40 மடங்குக்குக் கிட்டச் சுருங்கிப் போச்சு. அந்தத் துண்டுக்குள்ள சுவிச் மாதிரி வேலை செய்யிற ட்ரான்சிஸ்டர், அதைத் திறந்து மூடுற கேற் கம்பி, பிக்சலுக்கு வோல்ற்றேஜ் கொண்டுவாற டேற்றா கம்பி, படலங்களை இணைக்கிற தொடுகைத் துளை எல்லாம் இருக்கோணும். மிச்சம் கிடக்கிற ஓட்டையாலதான் பின்வெளிச்சம் வரோணும். கண்டன்சரின்ர உலோகத் தட்டை அகலமாக்கினால் அந்த ஓட்டை சின்னனாகும். பிறகு லைற்றைக் கூட்டோணும், பற்றறி இறங்கும், பனல் சுடும்.

இது முதல் காரணம் மட்டும். மிச்சம் நாளைக்கு. ரீவி திருத்திற என்ர கடை பூட்டிற நேரம்.

யூன் 4, விடிய

ரெண்டாவது காரணம் நேரம்.

4கே பனலில 2160 வரிசை. 60 ஹேர்ட்சில ஒரு பிரேமுக்கு 16.7 மில்லிசெக்கன். ஒவ்வொரு வரிசைக்கும் கிடைக்கிறது 7.7 மைக்ரோசெக்கன். அதுக்குள்ள பிக்சல் மைனஸ் 5 வோல்ற்றில இருந்து பிளஸ் 5க்குப் போகவேண்டி வரும், ஏனெண்டால் எல்சிடிக்குள்ள இருக்கிற திரவப்பளிங்குக்கு ஒரே திசையில வோல்ற்றேஜ் குடுத்துக்கொண்டே இருக்கேலாது. குடுத்தால் உள்ள இருக்கிற அயன்கள் ஒரு பக்கமாப் போய்ச் சேர்ந்து, பழைய படம் நிழலாத் தங்கிவிடும். அதால பிரேமுக்குப் பிரேம் முனைவை (பிளஸ், மைனஸ் திசையை) மாத்தோணும்.

5 வோல்ற் வீச்சை 256 வெளிச்சப் படியாப் பிரிச்சால் ஒரு படி 20 மில்லிவோல்ற். அரைப்படிக்குள்ள, அதாவது 10 மில்லிவோல்ற்றுக்குள்ள போய்ச் சேரவேணும் எண்டு வைப்பம். 10 வோல்ற் பயணத்தில ஆயிரத்தில ஒரு பங்கு. அதுக்கு நேர மாறிலியின்ர (தடையையும் கொள்ளளவையும் பெருக்கினால் வாற நேரத்தின்ர) ஏழு மடங்கு வேணும். 7.7ஐ ஏழால பிரிச்சால் 1.1 மைக்ரோசெக்கன். பிக்சலின்ர மொத்தக் கொள்ளளவு 0.25 பிகோபரட் எண்டால் ட்ரான்சிஸ்டர் திறந்து நிக்கேக்க அதின்ர தடை 4.4 மெகாஓம்முக்குக் கூடப்படாது.

இப்ப நீங்கள் கொள்ளளவை ரெட்டிப்பாக்குங்கோ. தடை பாதியாக வேணும். அதுக்கு ட்ரான்சிஸ்டரை அகலமாக்கோணும். அகலமாக்கினால் என்ன நடக்கும் எண்டதுதான் இந்தக் கதையின்ர நடுப்பகுதி. அவசரப்பட வேண்டாம்.

8கே, 120 ஹேர்ட்ஸ் எண்டால் வரிசைக்கு 1.9 மைக்ரோசெக்கன்தான். ரெட்டிப்பைப் பற்றி யோசிக்கவே ஏலாது.

யூன் 4, பின்னேரம்

மேல இருக்கிற கணக்கை அப்படியே அறிக்கையில போட்டிடாதேங்கோ. டேற்றா கம்பியே நீளமான ஒரு தடை, அதுக்கெண்டு தனிக் கொள்ளளவும் உண்டு. பனலின்ர தூரக் கரைக்கு அலை போய்ச் சேரேக்க அது மழுங்கிப் போகும். 7.7இல ஒரு நல்ல பங்கைக் கம்பியே சாப்பிடும். ட்ரான்சிஸ்டருக்கு மிஞ்சுறது அதைவிடக் குறைவு.

யூன் 5

கிண்ணியாவில இருந்து ஒருத்தர் கேட்டிருக்கிறார்: "எங்கட பக்கம் கரண்ட் ஏறி இறங்குது. ஸ்டெபிலைசர் வாங்கிப் பூட்டினால் பிக்சல் வோல்ற்றேஜும் நிலையா நிக்குமோ?"

நிக்காது ஐயா. ஸ்டெபிலைசர் விக்கிறவர் வேற மாதிரிச் சொல்லுவார். இப்பத்தைய ரீவிகளின்ர பவர் சப்ளை பெரும்பாலும் 100 தொடக்கம் 240 வோல்ற் வரைக்கும் தாங்கும். அது 12 வோல்ற் மாதிரி ஒண்டை உண்டாக்கிக் குடுக்க, உள்ள இருக்கிற இன்னொரு சில்லு அதில இருந்து கேற்றுக்கு வேண்டிய பிளஸ், மைனஸ் எல்லாத்தையும் செய்யுது. சுவரில 230 எண்டாலும் 200 எண்டாலும் பிக்சலுக்குத் தெரியாது. இடி மின்னலுக்குப் பயமெண்டால் பிளக்கைக் கழட்டி வையுங்கோ, செலவில்லை.

யூன் 6, இரவு

சரி, நடுப்பகுதி.

எல்லாரும் கசிவைப் பற்றியே கதைக்கினம். பனலில முதல் அடி விழுறது கசிவால இல்லை. கேற்றை மூடுற அந்தக் கணத்தில விழுது.

கேற் கம்பி திறந்திருக்கேக்க பிளஸ் 18 வோல்ற் எண்டு வைப்பம், மூடேக்க மைனஸ் 7. 25 வோல்ற் விழுகை. கேற்றுக்கும் பிக்சல் பக்கத்துக்கும் இடையில ஒரு சின்ன ஒட்டுண்ணிக் கொள்ளளவு எப்பவும் இருக்கும், ஏனெண்டால் உலோகம் ரெண்டும் ஒண்டுக்குமேல ஒண்டு கொஞ்சம் ஏறித்தான் கிடக்கும். அது 0.01 பிகோபரட் எண்டு வையுங்கோ. மொத்தம் 0.25. 25ஐ 0.01ஆல பெருக்கி 0.25ஆல பிரிச்சால் 1 வோல்ற். வள்ளத்தில இருந்து குதிச்சு இறங்கேக்க வள்ளம் பின்னுக்குத் தள்ளுப்படுற மாதிரி, கேற் இறங்கேக்க பிக்சலும் சேர்ந்து கீழ இழுபடுது. 20 மில்லிவோல்ற் படிக்கு நாங்கள் கவலைப்பட்டுக்கொண்டிருக்க, இஞ்ச ஒரே உதையில ஒரு முழு வோல்ற் போகுது!

இது பிளஸ் பிரேமிலயும் கீழ, மைனஸ் பிரேமிலயும் கீழ. பிளஸ் 5 பிளஸ் 4 ஆகும், மைனஸ் 5 மைனஸ் 6 ஆகும். ஒரு பிரேம் மங்கல், மற்றது வெளிச்சம். 60 ஹேர்ட்சில ஓடுற பனல் 30 ஹேர்ட்சில மினுங்கும், அதைக் கண் பிடிச்சிடும்.

இப்ப யூன் 4க்குத் திரும்புங்கோ. ட்ரான்சிஸ்டரை அகலமாக்கினால் இந்த 0.01 கூடும். வேகமா நிரப்பப் போய் உதையைப் பெரிசாக்கிறியள். பிக்சல் 40 மடங்கு சின்னனாகினாலும் இந்த மேற்கிடை (உலோகம் ஒண்டுக்குமேல ஒண்டு ஏறிக் கிடக்கிற அளவு) 40 மடங்கு சின்னனாகாது. உலோகத்தை வெட்டுற முறைக்கும் படலங்களை நேர்வைக்கிற துல்லியத்துக்கும் ஒரு எல்லை இருக்கு. களஞ்சியம் சுருங்குது, களவெடுக்கிறவன் சுருங்கேல்லை. உயர் ரெசொலூசனின்ர தலையிடி முழுக்க இதுக்குள்ளதான் கிடக்கு எண்டு நான் நினைக்கிறன்.

யூன் 7

"அப்ப எல்லா ரீவியும் மினுங்கோணுமே?" எண்டு கேட்டவருக்கு: எல்லாப் பிக்சலும் ஒரு வோல்ற் கீழ போகுதெண்டால் திரவப்பளிங்கின்ர எதிர்ப்பக்கத்தில எல்லாப் பிக்சலுக்கும் பொதுவா இருக்கிற தட்டையும் ஒரு வோல்ற் கீழ இறக்கிவிட்டால் சரி. பொது வோல்ற்றேஜைச் சரிசெய்யிறது எண்டது இதுதான்.

பழைய பனல்களில ரீகொன் போர்ட்டில (பனலுக்குச் சைகை குடுக்கிற சுற்றுப்பலகையில) ஒரு சின்னப் பிரிசெட், அதாவது திருப்பிச் சரிசெய்யிற தடை, இருக்கும். கடையில செய்யிறது என்னெண்டால், பொருத்தமான சாம்பல் கோலம் ஒண்டைத் திரையில போட்டுவிட்டு, பிளாஸ்ரிக் ஸ்குரூட்ரைவரால அந்தப் பிரிசெட்டைத் திருப்பிறது. மினுக்கம் ஆகக் குறையிற இடத்தில நிப்பாட்டவேணும். நேராப் பார்க்காமல் ஓரக்கண்ணால பார்த்தால் நல்லாத் தெரியும், கண்ணின்ர ஓரத்துக்கு மினுக்கம் கூடப் படும். ஓசிலோஸ்கோப் இல்லாத கடைக்காரனுக்கு ஓரக்கண்தான் கருவி.

புதுசுகளில பிரிசெட் இல்லை. சில்லுக்குள்ள இலக்கமா எழுதிவைச்சிருக்கு, புரோகிராமர் வேணும். பழுதான ரீகொன் போர்ட்டுக்கு வேற பனலின்ர போர்ட்டைப் பூட்டிவிட்டு "படம் வருது, ஆனா ஒரு மாதிரி நடுங்குது" எண்டு கொண்டு வாறவை கனபேர். அந்த இலக்கம் அந்தப் பனலுக்கு உரியதில்லை, அதுதான் காரியம்.

யூன் 7, கொஞ்சம் பிந்தி

வீட்டில திருப்பிப் பார்க்கப்போறவைக்கு ஒரு சொல்லு. பவர் சப்ளைப் பக்கம் கை வைக்காதேங்கோ. அங்க இருக்கிற பெரிய கண்டன்சர் பிளக்கைக் கழட்டின பிறகும் உதைக்கும். அது பிக்சல் உதை இல்லை.

யூன் 9

பொதுத் தட்டை இறக்கினால் முடிஞ்சுதெண்டு சொல்லிட்டுப் போகலாம். ஆனா முடியேல்லை. ஒரு வோல்ற் எண்டு நான் போட்ட கணக்கு ஒரே சாம்பலுக்குத்தான் பொருந்தும்.

திரவப்பளிங்கின்ர மூலக்கூறு சரியச் சரிய அதின்ர கொள்ளளவு மாறும். கறுப்பில ஒண்டு, வெள்ளையில இன்னொண்டு. மொத்தம் 0.25 ஆக இருந்தது 0.21க்குக் குறைஞ்சால் உதை 1 வோல்ற்றில இருந்து 1.19க்குப் போகும். பொதுத் தட்டு ஒண்டுதான், எதுக்கு ஏத்தமாதிரி இறக்கிறது? சாம்பலுக்குச் சரிசெய்தால் வெள்ளையில ஒரே திசை வோல்ற்றேஜ் கொஞ்சம் மிச்சமாத் தங்கும். ஒரே சின்னம் மணிக்கணக்கா நிக்கிற திரையில, கடைகளில விலைப்பட்டியல் காட்டுற மொனிற்றரில, நிழல் பதியிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு இடைஞ்சல்: கேற் கம்பியும் நீளமானது. அலையை அனுப்புற பக்கத்தில அது செங்குத்தா விழும், உதை முழுசா இருக்கும். தூரக் கரையில சரிஞ்சு விழும், ட்ரான்சிஸ்டர் முழுக்க மூட முந்தி டேற்றா கம்பியில இருந்து கொஞ்சம் திரும்ப ஏறிவிடும், உதை குறையும். இடது பக்கம் மினுக்கமில்லை, வலது பக்கம் மினுங்குது எண்டு ஒரு பனல் வந்தால் எனக்கு முதலில நினைவில வாறது இது. தீர்வுகள் உண்டு. கேற் அலையை வெட்டிவிழுத்தாமல் முதலே கொஞ்சம் சரிச்சு விழவிடுறது, ரெண்டு பக்கத்தாலும் ஓட்டுறது, தூரப் பிக்சல்களில மேற்கிடையை வேணுமெண்டே கொஞ்சம் கூட்டிவைக்கிறது. தம்பி கேட்ட "இத்தனை சுற்றுகள்" இதுகள்தான்.

யூன் 10

உப்புவெளியில ஒரு தங்குவிடுதிக்காரர் மடிக்கணினியோட வந்தார். இந்த இழையை வாசிச்சிருக்கிறார் போல, "எனக்குப் பொது வோல்ற்றேஜ் பிரச்சினை" எண்டு தானே நோயும் சொல்லிக்கொண்டு வந்தார். வெளிச்சத்தை முழுசாக் கூட்டச் சொன்னன். மினுக்கம் போயிட்டுது. அது பிக்சலே இல்லை, பின்வெளிச்சத்தை அணைச்சு அணைச்சு ஏத்தி மங்கலாக்கிற முறை. வெளிச்சம் முழுசா இருக்கேக்க அணைக்கத் தேவையில்லை, அதால மினுக்கமும் இல்லை.

முதலில இந்தச் சோதனையைச் செய்யுங்கோ. வெளிச்சத்தைக் கூட்டினாலும் மினுக்கம் நிக்குதெண்டால், அதுவும் குறிப்பிட்ட சாம்பலில மட்டும் கூடுதெண்டால், பிறகு பிக்சலைச் சந்தேகப்படலாம். கோடு கோடா வந்தால் வேற கதை, கடல்காத்தில பனலைப் போர்ட்டோட இணைக்கிற வளைநாடாவின்ர ஒட்டு அரிச்சிருக்கும். திருமலையில அந்த வருத்தத்துக்கு ஒருநாளும் குறைவில்லை.

யூன் 12

விண்டோஸ் 98 நினைவிருக்கிறவை கை உயர்த்துங்கோ. கணினியை நிப்பாட்டப் போகேக்க திரை முழுக்க ஒண்டுவிட்ட ஒரு புள்ளி கறுப்பாகி மங்குமே, அந்த நேரம் சில எல்சிடி மொனிற்றர்கள் பேய் பிடிச்ச மாதிரி மினுங்கும்.

பேய் இல்லை. முனைவை முழுப் பிரேமுக்கும் ஒண்டா மாத்தினால் முழுத் திரையும் சேர்ந்து மினுங்கும். அதால பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு எதிர் முனைவு குடுக்கினம், ஒண்டு மங்கேக்க மற்றது வெளிக்கும், தூரத்தில நிண்டு பார்க்கிற கண்ணுக்குச் சமன். 98இன்ர அந்தக் கோலம் சரியா ஒரே முனைவுப் புள்ளிகளை மட்டும் எரியவிட்டு எதிர் முனைவை அணைச்சுப்போட்டுது. சமன் செய்ய ஆள் இல்லை. யூன் 7இல "பொருத்தமான சாம்பல் கோலம்" எண்டு சொன்னதும் இதைத்தான்: பனல் எந்த ஒழுங்கில முனைவு மாத்துதோ அதே ஒழுங்கில புள்ளி போட்டால்தான் ஒளிச்சிருக்கிற மினுக்கம் வெளிய வரும். வெறும் சாம்பலைப் போட்டுப் பார்த்து "நல்ல பனல்" எண்டு விக்கிறவையும் இருக்கினம்.

புள்ளிக்குப் புள்ளி மாத்திறது மின்சாரம் தின்னும், ஒவ்வொரு வரிசைக்கும் டேற்றா கம்பி மேலயும் கீழயும் ஓடவேணும். நிரலுக்கு ஒரு முனைவு எண்டு வைச்சு, பிக்சல்களை வளைஞ்சு வளைஞ்சு இடமும் வலமுமாக் கம்பியோட தொடுத்தால் கம்பி ஒரே முனைவில நிக்கும், திரையில புள்ளிக்குப் புள்ளி மாறின மாதிரித் தெரியும். இந்த வேலை ஆருக்கு முதலில தோன்றிச்சோ, அவருக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடுக்கலாம்.

யூன் 14

கோணேசபுரித் தம்பி திரும்ப எழுதியிருக்கிறார்: "அப்போ என் கேள்வி முழுக்கப் பிழையா?"

இல்லை. அரைவாசி சரி. யூன் 9 கணக்கையே எடுங்கோ. சேமிப்புக் கண்டன்சரில 0.15 பிகோபரட் கூட்டினால் மொத்தம் 0.40க்கும் 0.36க்கும் இடையில ஆடும். உதை 0.63க்கும் 0.69க்கும் இடையில. வித்தியாசம் 190 மில்லிவோல்ற்றில இருந்து 70க்கு இறங்கும். கண்டன்சர் பெரிசாகிறதின்ர உண்மையான லாபம் கசிவைத் தாங்கிறது மட்டுமில்லை, திரவப்பளிங்கின்ர ஆட்டத்தை அமுக்கிறதும்தான்.

இடத்துக்கும் ஒரு வழி வந்திட்டுது. எல்சிடி போட்ட போன்களில ஓடுற எப்எப்எஸ் வகைப் பனலில பிக்சல் மின்வாயும் பொது மின்வாயும் ஒரே கண்ணாடியில, நடுவில மெல்லிய காப்புப்படலம். ரெண்டும் வெளிச்சம் போகிற ஐரிஓ படலம். ஒண்டுக்குமேல ஒண்டு கிடக்கிறதால அதுவே கண்டன்சர், வெளிச்சத்தையும் மறைக்காது. நீங்கள் கேட்ட பெரிய கண்டன்சரைச் சும்மா குடுத்த மாதிரி. ஆனா நிரப்பிற நேரம்? அது சும்மா வரேல்லை. யூன் 4 அப்படியே நிக்குது.

யூன் 15, கச்சான் காத்துக் காலம்

காத்து நெருப்பா அடிக்குது, கடையில ஆளில்லை, அதால கசிவைப் பற்றி எழுதுறன்.

0.25 பிகோபரட்டில 16.7 மில்லிசெக்கனுக்கு 10 மில்லிவோல்ற்றுக்குமேல இறங்கப்படாது எண்டால், கசிவு 0.15 பிகோஅம்பியருக்குக் கூடப்படாது. 1 பிகோஅம்பியர் கசிஞ்சால் 67 மில்லிவோல்ற், மூண்டு படிக்கும் கூட. சின்னப் பிக்சலில கொள்ளளவு இன்னும் குறைவு, நிலைமை இன்னும் மோசம். வெக்கை கூடக் கசிவு கூடும். படிகமில்லாச் சிலிக்கனில வெளிச்சம் பட்டாலும் கூடும், அதாலதான் ட்ரான்சிஸ்டரைக் கறுப்புச் சட்டத்துக்குள்ளயும் கேற் உலோகத்துக்குப் பின்னாலயும் ஒளிச்சு வைக்கினம்.

ட்ரான்சிஸ்டர் மட்டுமில்லை, திரவப்பளிங்கும் கசியும். அதுக்குள்ள அழுக்கு அயன்கள் இருந்தால் வோல்ற்றேஜைத் தின்னும். குடுத்த வோல்ற்றேஜில பிரேம் முழுக்க எவ்வளவு தங்குது எண்டதை விகிதமா அளப்பினம். பழைய கைக்கடிகார வகைச் சயனோ சேர்வைகள் அயனை இழுத்துவைக்கும், ஒவ்வொரு பிக்சலுக்கும் ட்ரான்சிஸ்டர் வைச்ச பனலுக்குச் சரிவராது. அதால புளோரின் சேர்வைகளுக்கு மாறினவை. சூட்டில அயன்கள் வேகமா ஓடும், விகிதம் விழும். மத்தியான வெய்யிலில வள்ளத்தில கிடக்கிற ஜிபிஎஸ் திரை பின்னேரம் வீட்டில பார்க்கேக்க திருந்திப் போறதை மீன்பிடிக்கிறவை சொல்லியிருக்கினம். எல்லாத்துக்கும் இதுதான் காரணமெண்டு சொல்லமாட்டன், மிகச் சூட்டில திரவப்பளிங்கு தன்ர ஒழுங்கையே இழந்து திரை கறுத்துப்போறதும் உண்டு.

பனலைச் சூடாக்கிச் சோதிக்கக் கன்னியாவுக்குக் கொண்டுபோகவோ எண்டு ஒருத்தர் பகிடி விட்டிருக்கிறார். வேண்டாம், வெய்யிலில பூட்டின காருக்குள்ள வையுங்கோ, வெந்நீர்க் கிணத்தை விடச் சுடும்.

யூன் 18

ஆளிதான், அதாவது சுவிச்சா நிக்கிற ட்ரான்சிஸ்டர்தான், அடிப்படை எண்டு நான் நம்புறன். கண்டன்சரோட மல்லுக்கட்டிறதை விட ஆளியை மாத்தினதுதான் பெரிய பாய்ச்சல்.

1979இல ஸ்கொட்லாந்தின்ர டண்டிப் பல்கலைக்கழகத்தில ஸ்பியரும் லெகோம்பரும் கய்த்தும் படிகமில்லாச் சிலிக்கனில ட்ரான்சிஸ்டர் செய்து காட்டினவை. அதில எலக்ட்ரோன் ஓடுற இயங்குதிறன் வோல்ற்-செக்கனுக்கு 0.5 சதுர சென்ரிமீற்றர், கூடினால் 1. பெரிய பரப்பில மலிவாப் பூசலாம், ஆனா வேகமில்லை. தாழ்வெப்பப் பல்படிகச் சிலிக்கனில 50க்கு மேல, 100ஐயும் தாண்டும். ட்ரான்சிஸ்டரைச் சின்னனாக்கலாம், மேற்கிடை குறையும், உதை குறையும். ஆனா மூடினாப் பிறகும் கசியும். கேற்றை ரெண்டாப் பிரிச்சு, ஓரத்தில மாசூட்டலை (சிலிக்கனுக்குள்ள வேணுமெண்டே சேர்க்கிற வேற்று அணுக்களை) ஐதாக்கித்தான் அடக்கினம்.

2004இல யப்பானில ஹொசொனோவின்ர குழு இண்டியம், கலியம், சிங்க் கலந்த ஒக்சைட்டைப் படிகமில்லாமலே ட்ரான்சிஸ்டராக்கினது. இயங்குதிறன் 10க்குக் கிட்ட. அது நடுத்தரம்தான், ஆனா பட்டை இடைவெளி (எலக்ட்ரோன் விடுபட்டு ஓடத் தாண்டவேண்டிய சக்தி) 3 எலக்ட்ரோன்வோல்ற்றுக்குக் கிட்ட, பிளஸ் மின்னைக் காவுற துளைகள் ஓடவே மாட்டுது. மூடினால் மூடினதுதான். 2012இல ஷார்ப் நிறுவனம் அதில பனல் அடிக்கத் தொடங்கினது. செக்கனுக்கு ஒருக்கா மட்டும் புதுப்பிக்கிற பனலுக்கு யூன் 15 கணக்கைத் திரும்பப் போட்டால் 2.5 பெம்ரோஅம்பியர்தான் அனுமதி. சிலிக்கனுக்கு அது கனவு, ஒக்சைட்டுக்குச் சாதாரணம்.

யூன் 18, சேர்க்கை

ஓலெட்டை (பின்வெளிச்சம் இல்லாமல் பிக்சல் தானே எரியிற பனலை) விட்டிட்டன் எண்டு ரெண்டு பேர் சண்டைக்கு வந்திட்டினம். சரி. அங்க பிக்சல் வோல்ற்றேஜ் அதை எரிக்கிற மின்னோட்டத்தைத் தீர்மானிக்குது, அதுவும் வர்க்கத்தில. சின்ன ஆட்டம் பெரிய வெளிச்ச வித்தியாசமாகும். அந்த மின்னோட்டத்தை ஓட்டுற ட்ரான்சிஸ்டரின்ர தொடக்க வோல்ற்றேஜ் (திறக்கத் தொடங்கிற வோல்ற்றேஜ்) பிக்சலுக்குப் பிக்சல் வேற, அதை அளந்து கழிக்கவே ஏழு ட்ரான்சிஸ்டர் வரைக்கும் வைக்கினம். ஓட்டுறதுக்குச் சிலிக்கன், பிடிச்சுவைக்கிறதுக்கு ஒக்சைட் எண்டு ரெண்டையும் ஒரே பனலில கலந்தது எல்ரிபிஓ. 2018இல அப்பிள் வோட்ச் நாலாவது வரிசையில வந்தது. அடுத்த வருசம் ஐந்தாவதில எப்பவும் எரிஞ்சுகொண்டிருக்கிற முகப்பு, செக்கனுக்கு ஒருக்காப் புதுப்பிச்சு.

யூன் 21

தம்பி, இதைக் கணினியில போலச்செய்து பார்க்க எங்க தொடங்கிறது எண்டு நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்கு: கசிவில தொடங்காதேங்கோ. ஒரு ட்ரான்சிஸ்டர், மேற்கிடைக் கொள்ளளவு, சேமிப்புக் கண்டன்சர், திரவப்பளிங்குக்கு வோல்ற்றேஜோட மாறுற ஒரு கொள்ளளவு. இவ்வளவையும் வைச்சுக் கேற் விழுற நேரத்தை 0.1 மைக்ரோசெக்கனில இருந்து 3 வரைக்கும் மாத்தி மாத்தி ஓட்டுங்கோ. உதை எப்படிக் குறையுது, எந்த இடத்தில நிரப்பிற நேரத்தைத் தின்னத் தொடங்குது எண்டு ரெண்டு கோட்டையும் ஒரே வரைபில போடுங்கோ. அதுக்குப் பிறகு பக்கத்து டேற்றா கம்பிக்கு ஒரு கொள்ளளவு சேர்த்து, அது ஆடேக்க பிக்சல் எவ்வளவு ஆடுது எண்டு பாருங்கோ. 500 பிக்சல் பனலில கம்பிக்கும் பிக்சலுக்கும் இடையில கிடக்கிற இடைவெளி ஒரு சில மைக்ரோன்தான், அதால நடுவில ரெண்டு மூண்டு மைக்ரோன் தடிப்பில சேதனக் காப்புப்படலம் போடுகினம். அந்தத் தடிப்பை மாத்தினால் வாற வித்தியாசத்தை மேற்பார்வையாளர் கட்டாயம் கேட்பார்.

கடையில ரெண்டு மூண்டு பழைய ரீகொன் போர்ட் சும்மா கிடக்கு. பிரிசெட் உள்ளதுதான். வேணுமெண்டால் வந்து எடுங்கோ, ஞாயிறு பூட்டு.